கோடையில் குழந்தைகள் மையத்தில் இன்டர்ன்ஷிப்: வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி முடிவதற்குள் பத்துப் பேராவது கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, மே மாசம் உங்க சென்டர்ல இன்டர்ன்ஷிப் பண்ணலாமா? யாரைப் பார்க்கணும், என்ன எடுத்துட்டு வரணும்?" ஒவ்வொருவருக்கும் போனில் துண்டு துண்டாகச் சொல்வதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். சமூகப்பணி படித்தபோது இரண்டு கோடைகளில் நானும் இப்படிப் போனவள்தான். இப்போது வேலூரில் ஒரு மாலை நேரப் படிப்பு மையத்தில் வேலை. வருடா வருடம் வருகிற மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வேலை பழக்குவதும் என் பொறுப்பு. நீங்கள் பி.காம். படித்தாலும் சரி, பொறியியல் படித்தாலும் சரி, இதில் இருப்பது உங்களுக்கும் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இது ஆறு வாரம், ஒரு சான்றிதழ், கொஞ்சம் மதிப்பெண். மையத்துக்கு வரும் ஏழு வயதுப் பிள்ளைக்கோ அந்த ஆறு வாரம்தான் மொத்தக் கோடையும். நீங்கள் என்ன படித்தவர், எவ்வளவு திறமை என்றெல்லாம் அது எடை போடாது. வருகிறேன் என்று சொன்ன நாளில் வந்தீர்களா என்பதை மட்டும் கணக்கு வைத்திருக்கும். அந்தக் கணக்கு தவறாமல் இருக்க என்னென்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

எப்போது தேடத் தொடங்குவது, எங்கே

பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியில் விடுமுறை தொடங்கும், ஜூன் தொடக்கத்தில் திறக்கும். குழந்தைகள் மையங்களில் பகல் முழுக்கப் பிள்ளைகள் இருப்பது அந்த இடைவெளியில்தான். அதனால் மே மாதம் வேலைக்கு பிப்ரவரியிலேயே பேசத் தொடங்குங்கள். ஏப்ரல் கடைசியில் வந்து "நாளைக்கே சேரலாமா" என்றால் எந்த நல்ல மையமும் தயங்கும், தயங்கவும் வேண்டும்.

இந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்கான வேலை ஒரே மாதிரி இருக்காது. வேலூர் நகரத்துக்குள் மாலை நேர டியூஷன் மையங்கள், சின்ன நூலகங்கள். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்பவர்கள். செங்கல் சூளைக்குப் போன குடும்பங்களின் குழந்தைகளுக்காகச் சூளை அருகிலேயே வகுப்பு நடத்துபவர்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சி மையங்கள், குழந்தைகள் இல்லங்கள், ஜவ்வாது மலை ஊர்களில் வேலை செய்கிறவர்கள் என்று பலவிதம். முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை, குழந்தைகள் மாலையானால் தங்கள் வீட்டுக்குப் போய்விடுகிற மாதிரியான மையத்தைத் தேர்ந்தெடுங்கள். தங்கிப் படிக்கும் இல்லங்களில் வேலை கனமானது. அங்கே இருக்கும் பிள்ளை ஏற்கெனவே பலர் வந்து போவதைப் பார்த்துவிட்டது, இன்னொருவராக நீங்களும் ஆறு வாரத்தில் போவது அதற்கு நல்லதில்லை.

மாவட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் இன்னமும் மொத்தமாக வட ஆற்காடு என்றுதான் சொல்வார்கள், ஆனால் 1989-ல் திருவண்ணாமலைப் பகுதி பிரிந்தது, 2019-ல் வேலூரே மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. ஆம்பூர், வாணியம்பாடி இப்போது திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டம். குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பது நீங்கள் வேலை செய்யும் ஊரை வைத்துத்தான், உங்கள் கல்லூரி இருக்கும் ஊரை வைத்து இல்லை.

சேருவதற்கு முன் நிறுவனத்தைச் சரிபாருங்கள்

நேரில் போய்ப் பார்க்காமல் எங்கும் சேராதீர்கள். ஒரு சாயங்காலம் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே பாதி தெரிந்துவிடும். குழந்தைகள் பொறுப்பாளரைப் பார்த்ததும் என்ன செய்கிறார்கள்? ஓடி வந்து கையைப் பிடிக்கிறார்களா, சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களா? எந்தப் பதிவுச் சான்றையும்விட நான் இதைத்தான் அதிகம் நம்புவேன்.

ஆனாலும் காகிதத்தையும் கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. அறக்கட்டளையா, 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிந்த சங்கமா என்று கேட்கலாம். தன்னார்வ நிறுவனங்கள் பதிந்துகொள்வதற்காக நிதி ஆயோக் நடத்தும் தர்பன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடலாம். குழந்தைகள் தங்கும் இல்லம் என்றால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு கட்டாயம். பதிவு இல்லாத இல்லத்தில் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள்.

அப்புறம் பொறுப்பாளரிடம் மூன்று கேள்வி: எனக்குத் தினமும் யார் வழிகாட்டுவார்? குழந்தைகள் பாதுகாப்பு விதிகள் எழுத்தில் இருக்கிறதா? நான் போன பிறகு இந்த வேலையை யார் தொடர்வார்? மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால்கூடப் பரவாயில்லை. இரண்டாவதற்கு "அதெல்லாம் எதுக்கும்மா, இங்க எல்லாரும் குடும்பம் மாதிரி" என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள். சான்றிதழுக்குப் பணம் கேட்கும் இடம், வராமலே வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்னும் இடம், முதல் நாளே உங்களை இருபது குழந்தைகளோடு தனியாக விட்டுவிட்டு வெளியே போகும் இடம், இவையும் வேண்டாம்.

காகித வேலை

இதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். கல்லூரியில் இருந்து துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம், போனபைட் சான்று, ஆதார் நகல், இரண்டு புகைப்படம். எத்தனை மணி நேரம் வேண்டும், வருகைப் பதிவு எந்தப் படிவத்தில், அறிக்கை எத்தனை பக்கம் என்பதையெல்லாம் கல்லூரியில் முதலிலேயே கேட்டு மையத்துக்குக் கொடுத்துவிடுங்கள், கடைசி வாரத்தில் ஓடக் கூடாது. சில மையங்கள் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று கேட்கும். என் மேல் சந்தேகமா என்று கோபப்பட வேண்டாம், கேட்கிற மையம் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்படுகிற மையம். அந்தச் சான்று வர நாளாகும் என்பதும் பிப்ரவரியிலேயே தொடங்கச் சொல்வதற்கு ஒரு காரணம்.

நாட்களை முடிவு செய்யும்போது நேர்மையாக இருங்கள். அக்கா கல்யாணம், ஊர்த் திருவிழா, அரியர் தேர்வு எதுவாக இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். வாரத்தில் ஆறு நாள் என்று ஒப்புக்கொண்டு நாலு நாள் வருவதைவிட நாலு நாள் என்று சொல்லி நாலு நாளும் வருவது எவ்வளவோ மேல்.

வெயிலும் பஸ்ஸும்

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து இங்கே படிக்க வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: மே 4-ஐ ஒட்டிக் கத்திரி பிறந்தால் மாதக் கடைசி வரை நாற்பது டிகிரிக்கு மேல் சாதாரணம். சுற்றிலும் பாறை மலை, ராத்திரியிலும் அனல் இறங்காது. பகல் பதினொன்றில் இருந்து நாலு வரை வெளியே எந்த வேலையும் வைக்காதீர்கள், குழந்தைகளை விளையாடவும் விடாதீர்கள். காலை ஏழரை முதல் பத்தரை வரை ஒரு சுற்று, மாலை நாலரை முதல் ஆறரை வரை இன்னொரு சுற்று என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கும் தாங்கும்.

இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு பருத்தித் துண்டு, நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பையில் எப்போதும் இருக்கட்டும். தெருவில் கம்பங்கூழ், கேழ்வரகுக் கூழ், நுங்கு எல்லாம் கிடைக்கும். கலர் சோடாவைவிட அது நல்லது. காட்பாடியில் இருந்து பாகாயம் வரை நகரை ஊடுருவிப் போகும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்கள் பல மையங்களுக்குப் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-ல் இருந்து கட்டணம் இல்லை. போகும் வழி, திரும்பும் நேரம் இரண்டையும் வீட்டில் ஒருவருக்கும் மையத்தில் ஒருவருக்கும் சொல்லி வையுங்கள். உடை விஷயம் சுருக்கமாக: தரையில் சம்மணமிட்டு உட்கார முடிகிற பருத்தி உடை.

சாப்பாடு பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். பள்ளி மூடினால் காலை உணவும் மதிய உணவும் சேர்ந்து நின்றுபோகும். மே மாதத்தில் பதினொரு மணிக்கு ஒரு பிள்ளை சோர்ந்து சுவரில் சாய்ந்தால் பாடம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், "காலையில என்ன சாப்பிட்டே?" என்று மெதுவாகக் கேளுங்கள். மையத்தில் சுண்டலோ கடலை உருண்டையோ கொடுப்பது வழக்கம் என்றால் அதைப் பாடத்துக்குப் பிறகு வைக்காமல் முன்பே வைக்கச் சொல்லிப் பாருங்கள். உங்கள் டிபன் பாக்ஸைக் குழந்தைகள் முன்னால் தனியாகத் திறந்து உட்காராதீர்கள்.

முதல் வாரம்: பார்ப்பது, பெயர்

முதல் நாலைந்து நாள் நீங்கள் எதையும் நடத்த வேண்டாம். பாய் விரியுங்கள், தண்ணீர்க் குடம் நிரப்புங்கள், நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுங்கள், ஏற்கெனவே இருக்கும் அக்கா எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். பொறியியல் படித்துவிட்டுப் பாய் விரிப்பதா என்று தோன்றலாம். அந்த அக்கா பத்தாம் வகுப்புதான் படித்திருப்பார், ஆனால் எந்தப் பிள்ளையின் அப்பா சூளைக்குப் போயிருக்கிறார், எந்த வீட்டில் நேற்று சண்டை, எவன் சிரித்தால் பசி என்று அர்த்தம், எல்லாம் அவருக்குத் தெரியும். ஆறு வாரத்தில் நீங்கள் கற்றுக்கொள்ளப்போவதில் பாதி அவரிடம்தான் இருக்கிறது.

முதல் வாரத்துக்குள் எல்லாப் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். "ஏய் நீலச் சட்டை" என்று ஒரு தடவைகூடக் கூப்பிடாதீர்கள். ஒரு நோட்டில் பெயர், வகுப்பு, வீட்டில் பேசும் மொழி, பிடித்த விளையாட்டு என்று நாலு கட்டம் போட்டுக்கொண்டால் போதும். வீட்டு மொழி இங்கே முக்கியம். வேலூர் நகரத்திலும் பேர்ணாம்பட்டிலும் உருது பேசும் வீடுகள் நிறைய, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்களில் தெலுங்கு. தமிழில் திணறும் பிள்ளை மந்தமான பிள்ளை இல்லை, வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி என்று சமாளிக்கிற பிள்ளை. அவளை ஒரு கதையை உருதுவில் சொல்லச் சொல்லி, பக்கத்துப் பையனைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ரெண்டு பேருக்கும் அன்றைக்கு ஒரு சுற்று பெருமை.

கிழக்கே, தெற்கே இருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று. இங்கே குழந்தைகள் "மிஸ், நீ நாளைக்கு வர்றியா?" என்று ஒருமையில்தான் கேட்கும், பெரியவர்கள்கூட அப்படிப் பேசுவார்கள். அது மரியாதைக் குறைவு இல்லை, நெருக்கம். திருத்தப் போகாதீர்கள்.

வாசிக்கத் தெரிகிறதா என்று கண்டுபிடிப்பது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான மாணவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். நாலாம் வகுப்பா, சரி, நாலாம் வகுப்புப் பாடம் என்று தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நாலாம் வகுப்பு முடித்தவன். புத்தகத்தைக் கொடுத்ததும் விரலை வைத்து ஒரு பக்கத்தை அப்படியே கணீரென்று வாசித்தான். புதிதாக வந்திருந்த மாணவி "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார். விரலைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் வந்தது, வாய் மூன்றாவது வார்த்தையில் இருக்கும்போது விரல் ஐந்தாவதில் இருந்தது. படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு "இது என்ன?" என்றேன். அவன் அந்த வார்த்தையைப் பார்க்கவே இல்லை. பக்கத்தின் முதல் வரிக்குப் போய் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் சத்தமாகச் சொன்னான். மொத்தப் பக்கமும் மனப்பாடம். நாலு வருடமாக வகுப்பில் யாருக்கும் தெரியாமல் காதாலேயே படித்து வந்திருக்கிறான். எவ்வளவு கூர்மையான பிள்ளை என்று பாருங்கள், எவ்வளவு பயந்த பிள்ளை என்றும்.

அதனால் பாடப்புத்தகத்தை வைத்துச் சோதிக்காதீர்கள். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வுகளில் பயன்படுத்தும் படிநிலை எளிமையானது, பிரதம் நிறுவனம் நாடு முழுக்க இப்படித்தான் செய்கிறது: முதலில் எழுத்து, அடுத்து சின்னச் சொல், அடுத்து ஒன்றாம் வகுப்பு அளவில் நாலு வரி, அப்புறம் இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை இதுவரை பார்க்காத வரிகளாக நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக, ஆனால் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில், பாயில் பக்கத்தில் உட்கார வைத்து ஐந்து நிமிடம் பாருங்கள். "டெஸ்ட்" என்ற வார்த்தையே வேண்டாம். பிறகு வகுப்பை மறந்துவிட்டு இந்த நிலையை வைத்துக் குழு பிரியுங்கள். ஐந்தாம் வகுப்புப் பையனும் மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரே குழுவில் வந்தால் அவனுக்கு வெட்கமாக இருக்கும். அவனுக்குக் குழுத் தலைவன் மாதிரி ஒரு பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள், அதுவே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எழுத்தே தெரியாதவர்களுக்கு அ, ஆ என்று 247-ஐயும் வரிசையாகத் தொடங்கினால் ஆறு வாரம் அதிலேயே போய்விடும். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் சொல்லிக் கொடுத்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் வாசித்துவிடுவார்கள். ஒரு சொல்லைத் தானே வாசித்த பிள்ளையின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் உங்களை யாரும் வேலை செய்யச் சொல்ல வேண்டியிருக்காது. பெரிய தடை வருவது கெ, கே, கை, கொ, கோ இடத்தில். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாக நேர்மையாக வாசிக்கும் பிள்ளை அங்கே குழம்பத்தான் செய்யும். கொம்பை மட்டும் சின்ன அட்டையில் வெட்டி எழுத்துக்கு முன் வைத்தும் எடுத்தும் காட்டுங்கள், இரண்டு நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

கணக்குக்குப் பல்லாங்குழி இருக்கிறது. பதினாலு குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, மொத்தம் எழுபது. கூட்டல், பெருக்கல், ஒன்று குறைந்தால் யாரிடம் கூடியது என்ற கழித்தல் எல்லாம் அதில் உண்டு. தாயமும் பரமபதமும்கூட நல்லவை.

ஒரு நாள் எப்படிப் போக வேண்டும்

விளையாட்டு, வாசிப்பு, சிற்றுண்டி, கதை, கணக்கு, மறுபடி விளையாட்டு. ஒரு வேலை இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள், ஒரே மாதிரி முடியுங்கள். வீட்டில் எதுவும் நிச்சயமாக இல்லாத பிள்ளைக்கு இந்த ஒழுங்கே பெரிய ஆறுதல். முந்தின நாள் ராத்திரி பத்து நிமிடம் ஒதுக்கி நாளைக்கு என்ன என்று எழுதிவிடுங்கள். அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, "மக்கு" என்று சொல்லக் கூடாது, வெயிலில் நிறுத்தக் கூடாது. பெற்றோரே வந்து "நல்லா ரெண்டு போடு மிஸ்" என்று சொன்னாலும் கூடாது.

வீடுகளுக்குப் போகும்போது

இரண்டாவது வாரத்தில் மையத்து அக்காவோடு வீடுகளுக்குப் போவீர்கள். தனியாகப் போகாதீர்கள். செருப்பை வாசலில் விடுங்கள், கீழே உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். நோட்டை உடனே எடுக்காதீர்கள், நோட்டைப் பார்த்ததும் அந்த அம்மா கடன்காரரிடம் பேசுகிற மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்.

பீடி சுற்றும் வீட்டுக்குள் போனால் முதலில் தெரிவது வாசனைதான், கண் எரியும். மடியில் முறம், முறத்தில் ஊற வைத்து வெட்டிய இலை, ஒரு ஓரத்தில் தூள். அம்மாவின் விரல் இலையை உருட்டி நூலைச் சுற்றும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. பக்கத்தில் உங்கள் மையத்துப் பெண் உட்கார்ந்து முனை மடக்கிக்கொண்டிருப்பாள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, கோடையில் பிள்ளை வீட்டில் இருப்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக முடியும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமே பீடித் தொழிலில் குழந்தைகளைச் சேர்க்கத் தடை போட்டிருந்தது, ஆனால் குடும்பத்தோடு வீட்டில் செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்ததால் வீடுகளுக்குள் அது எட்டவில்லை. 2016-ல் சட்டத்தைத் திருத்திப் பதினாலு வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று ஆக்கினார்கள், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. இதையெல்லாம் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஆனால் அந்த அம்மாவிடம் முதல் நாளே சட்டம் பேசாதீர்கள். "காலையில ரெண்டு மணி நேரம் மட்டும் அனுப்புங்கம்மா, பத்தரைக்கு வீட்டுல இருப்பா" என்று கேளுங்கள். அனுப்பினால் பத்தரைக்கு அவள் வீட்டில் இருந்தாக வேண்டும். பத்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த நாள் வர மாட்டாள்.

பாதுகாப்பு: இதில் எந்தச் சலுகையும் இல்லை

எந்தக் குழந்தையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். மடியில் உட்கார வைப்பது, கன்னத்தைக் கிள்ளுவது வேண்டாம், கை கோத்து ஆடுவது, தோளில் தட்டிக் கொடுப்பது போதும். உங்கள் போன் நம்பரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு வாங்கித் தராதீர்கள். பைக்கில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள்.

புகைப்படம் பற்றி என் சொந்த வருத்தம் ஒன்று உண்டு. நான் படிக்கும்போது போன ஓரிடத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு சிறுமியைப் படம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள், எடுத்துக் கொடுத்தேன். நன்கொடை கேட்டு அடித்த பேனரில் அந்தப் படம் வந்தது, "ஆதரவற்ற குழந்தைக்கு உதவுங்கள்" என்று. அவளுக்கு அம்மா இருந்தார், தினமும் தலை வாரிப் பின்னல் போட்டு அனுப்புகிற அம்மா. பேனரைக் கட்டியிருந்தது அவள் பள்ளிக்கூடம் போகும் வழியில். அந்த அம்மா மையத்து வாசலில் வந்து நின்று எதுவும் கேட்காமல் என்னையே பார்த்தார். அதில் இருந்து என்னிடம் வரும் மாணவர்களுக்கு ஒரே விதி: பெற்றோர் எழுத்தில் சம்மதிக்காமல் படம் இல்லை, சம்மதித்தாலும் உங்கள் இன்ஸ்டாகிராமிலும் ஸ்டேட்டஸிலும் இல்லை. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை யாராக இருந்தாலும் படத்தையோ பெயரையோ பள்ளியையோ வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவும் தடுக்கிறது.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, தன்னை யாரோ தொட்டதாகவோ அடித்ததாகவோ சொன்னால் என்ன செய்வது? இது நடக்கும், தயாராக இருங்கள். செய்து கொண்டிருக்கும் வேலையை நிறுத்துங்கள். அதிர்ச்சியை முகத்தில் காட்டாதீர்கள். "சொன்னது நல்லதும்மா, உன் மேல எந்தத் தப்பும் இல்ல" என்று சொல்லுங்கள். நீங்களாகக் கேள்வி கேட்டுத் துருவாதீர்கள், அவள் சொல்வதை மட்டும் கேளுங்கள். "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யவே கூடாது, "உனக்கு உதவி செய்யறவங்ககிட்ட மட்டும் சொல்லணும்" என்று உண்மையைச் சொல்லுங்கள். அன்றைக்கே, அவள் பேசிய அதே சொற்களில் எழுதி, தேதி போட்டு, மையப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது தெரிந்த ஒவ்வொருவருடைய கடமை, சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. இன்டர்ன் என்பதால் உங்களுக்கு விலக்கு இல்லை. பொறுப்பாளர் "பேர் கெட்டுடும், விட்டுடு" என்றால் நீங்களே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை, இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். பெண் குழந்தைக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தாலும் அதே எண்தான். கோடை விடுமுறையில் இந்தப் பேச்சு அதிகம் வரும், கவனமாக இருங்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு மே மாதம் செய்ய வேண்டியது

பத்தாம் வகுப்பு முடிவு மே மாதம் வரும். அன்றைக்கு மையத்தில் இருங்கள். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைக்குத் துணைத் தேர்வு உடனே வருகிறது, விண்ணப்பிக்கச் சில நாள்தான் அவகாசம். தேதி தெரியாமல் தவறவிட்ட பிள்ளைகள் ஜூன் மாதம் ஷூ கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், அப்புறம் திரும்பக் கூட்டி வருவது கடினம். விண்ணப்பத்துக்குத் துணையாகப் போவது, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர்க்கை பற்றி உட்கார்ந்து விளக்குவது, கல்லூரி மாணவரான உங்களுக்கு எளிது, அந்த வீட்டுக்கு மலை.

சூளையில் இருந்து மழைக்கு முன் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகளையும் பாருங்கள். டி.சி. வாங்காமல் ஊர் மாறியிருப்பார்கள், பள்ளிக்கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் தரும் ஈமிஸ் பதிவு எண் பழைய பள்ளியில் இருக்கும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி ஆறில் இருந்து பதினாலு வயது வரை உள்ள பிள்ளையை டி.சி. இல்லை என்று பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. இதைத் தலைமையாசிரியரிடம் பணிவாகச் சொல்லி, பக்கத்தில் நின்று சேர்த்துவிட்டு வருவது ஒரு முழு நாள் வேலை. ஆறு வாரத்தில் நீங்கள் செய்ததிலேயே அதிக நாள் நிற்கப்போவது அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

டயரியும் அறிக்கையும்

தினமும் இரவு அரைப் பக்கம் எழுதுங்கள், வாரக் கடைசியில் சேர்த்து எழுதினால் பொய்தான் வரும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன முயன்றேன், என்ன நடக்கவில்லை. அறிக்கையில் குழந்தைகளின் பெயரை மாற்றிவிடுங்கள், தெருவின் பெயரும் வேண்டாம். முதல் வாரம் எழுத்து நிலையில் எத்தனை பேர், கடைசி வாரம் எத்தனை பேர் என்று இருந்ததை இருந்தபடி போடுங்கள். முன்னேறாத பிள்ளைகளையும் போடுங்கள், அடுத்து வருகிறவருக்கு அதுதான் தேவை.

விடைபெறுவது

இதைக் கடைசி நாள் வேலை என்று நினைக்காதீர்கள், மூன்றாவது வாரத்திலேயே தொடங்க வேண்டும். சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, உங்கள் கடைசி நாளைக் குழந்தைகள் கையாலேயே வட்டம் போட வையுங்கள். தினமும் ஒரு பிள்ளை ஒரு நாளை அடிக்கட்டும். அழுகிற பிள்ளை அன்றைக்கே அழுதுவிடும், கடைசி நாளில் திடுக்கிடாது.

திரும்பி வருவேன் என்று சொல்லாதீர்கள். தேதி தெரிந்து, டிக்கெட் எடுத்து, நிச்சயம் என்றால் மட்டும் சொல்லுங்கள். எங்கள் மையத்தில் நல்ல மாணவர் ஒருவர், பிள்ளைகள் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள், போகும்போது மனசு தாங்காமல் "தீபாவளிக்கு வரேண்டா" என்று சொல்லிவிட்டார். வேலை கிடைத்துப் பெங்களூரு போய்விட்டார், யார் தப்பும் இல்லை. எட்டு மாதம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது ஒரு பையன் சைக்கிளை நிறுத்திக் கேட்டானாம்: "தீபாவளிக்கு வரேன்னியே, எந்த தீபாவளிக்கு?" இதை அவரே என்னிடம் சொன்னார், குரல் உடைந்துபோய்.

இந்த ஊரில் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய ஐடா ஸ்கடர், பிறகு சாலையோரம் மரத்தடிகளில் வாராவாரம் நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். எந்த மரம், எந்தக் கிழமை என்று சுற்று ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்ததால்தான் கைக்குழந்தையோடு நடந்து வந்து காத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய வேலையை நாம் செய்யப்போவதில்லை, ஆனால் கிழமை தவறாமல் இருப்பது நம்மால் முடிகிற காரியம்.

கடைசி வாரத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பிள்ளைக்கு ஒரு பக்கம். பெயர், எந்த நிலையில் வாசிக்கிறான், எந்த எழுத்தில் தடுமாறுகிறான், எதைச் சொன்னால் சிரிப்பான், வீட்டுக்கு எத்தனை மணிக்கு அனுப்ப வேண்டும், எதைப் பற்றிப் பேசக் கூடாது. குழந்தை உங்களிடம் நம்பிச் சொன்ன இரகசியங்களை அதில் எழுதாதீர்கள், அவை பொறுப்பாளரின் பூட்டிய அலமாரிக்கு உரியவை. மையத்து அக்காவோடு உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டுங்கள், அவர் திருத்துவார், திருத்தட்டும். சாயங்காலம் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, நோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.